எக்கனாமிக்ஸோடு ஸ்பானிஷ் எதற்கு?

பி.ஏ. எக்கனாமிக்ஸ் சேர்ந்திருக்கும் ஒரு தங்கை, கூடவே ஸ்பானிஷ் மொழியும் படிக்கலாமா என்று கேட்டிருந்தார். சமயநல்லூர்க்காரர். வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள். ஊரில் விசாரித்தபோது கிடைத்த பதில்களையும் அவரே சொன்னார். "முதல்ல இங்கிலீஷ் ஒழுங்கா வரட்டும்." "டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிற வழியைப் பாரு." "அதெல்லாம் பெரிய இடத்துப் பிள்ளைங்க படிக்கிறது."

முதல் இரண்டு பதில்களிலும் அக்கறை இருக்கிறது. மூன்றாவதில் சாதி இருக்கிறது. சொன்னவர் நம் தெருக்காரராகவே இருந்தாலும் சரி. எந்தப் படிப்பு யாருக்கு என்று ஊர் காலங்காலமாக வைத்திருக்கும் கணக்கு அது. அந்தக் கணக்கை நாமே ஒப்பிப்பதுதான் எனக்கு வலிக்கிறது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் படியுங்கள். அது உங்கள் ஒருவருடைய ஆசையாக மட்டும் இருந்துவிடக் கூடாது, நம் மாணவர் அமைப்புகள் கேட்டு வாங்க வேண்டிய உரிமையாகவும் ஆக வேண்டும். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அண்ணல் எடுத்த பாடங்கள்

ஏப்ரல் 14 அன்று மாலை போடுகிறோம். கோட்டு, கண்ணாடி, கையில் புத்தகம். அந்தக் கை அரசியல் சட்டத்தைப் பிடித்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கையில் பொருளாதாரப் புத்தகங்கள் இருந்தன என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு அம்பேத்கர் நியூயார்க் போய்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். வயது 22. அங்கே அவர் எடுத்த பாடங்களின் பட்டியல் இன்றும் இருக்கிறது. பொருளாதாரத்தில் மட்டும் 29 பாடங்கள். வரலாறு 11, சமூகவியல் 6, தத்துவம் 5, மானிடவியல் 4, அரசியல் 3. பட்டியலின் கடைசியில் இரண்டு சின்ன வரிகள் வரும். தொடக்கநிலைப் பிரெஞ்சு 1. தொடக்கநிலை ஜெர்மன் 1.

அந்தத் "தொடக்கநிலை" என்ற சொல்லைக் கவனியுங்கள். பம்பாயில் பட்டம் வாங்கிவிட்டு வந்த மனிதர் புதிய மொழி ஒன்றின் முதல் பாடத்தில் உட்கார்ந்திருக்கிறார். அன்றைக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டம் வாங்குபவர் பிரெஞ்சும் ஜெர்மனும் வாசிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அவருடைய ஆசிரியர் செலிக்மன் ஜெர்மனியிலும் பிரான்சிலும் படித்தவர். பொருளாதாரத்தில் பாதிப் பேச்சு அந்த மொழிகளில்தான் நடந்துகொண்டிருந்தது.

இதே மனிதருக்குப் பள்ளியில் என்ன நடந்தது? சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டத்தகாத பையனுக்கு அந்த மொழி இல்லை என்று மறுத்தார்கள். வேறு வழியில்லாமல் பாரசீகம் எடுத்தார். மறுக்கப்பட்ட சமஸ்கிருதத்தைப் பிற்பாடு சொந்த முயற்சியில் கற்றுக்கொண்டு, சாத்திரங்களை அவற்றின் சொந்த மொழியிலேயே எதிர்கொண்டார். எந்த மொழி யாருக்கு என்பதில் சாதி எப்படி வேலை செய்யும் என்பதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் அவர் இருக்கவில்லை.

லண்டனில் பொருளாதார ஆய்வு நடந்துகொண்டிருந்த 1921இல், ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் சேர விண்ணப்பித்தார். அந்த விண்ணப்பத்தை ஜெர்மன் மொழியிலேயே எழுதினார். அங்கே படிப்பை முடிக்கவில்லை. லண்டனுக்குத் திரும்பி ரூபாயின் பிரச்சினை பற்றிய ஆய்வை முடித்து 1923இல் டி.எஸ்சி. பட்டம் வாங்கினார். பான் நகரத்துக்குப் போனது வீணா? அப்படி நினைக்கத் தேவையில்லை. 30 வயதில், கையில் காசு இல்லாத நிலையில், மூன்றாவது நாட்டின் அறிவுக் கதவையும் தட்டிப் பார்க்கும் துணிவு அவருக்கு இருந்தது. அந்தத் துணிவுக்குக் கொலம்பியாவில் எடுத்த அந்த ஒற்றைத் தொடக்கநிலைப் பாடமும் உதவியிருக்கிறது.

இன்னொரு செய்தி. 1916 மே மாதம் கொலம்பியாவில் அவர் வாசித்த "இந்தியாவில் சாதிகள்" கட்டுரையில் செனார் என்ற பிரெஞ்சு அறிஞர் சாதிக்குக் கொடுத்த வரையறையை எடுத்து வைத்து வாதிடுகிறார். செனாரின் நூல் 1896இல் பிரெஞ்சில் வந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது 1930இல். நம்மைப் பற்றி எழுதப்பட்ட ஒரு முக்கியமான நூல் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு முழுதாகக் கிடைக்க 34 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. நம் வாழ்வைப் பற்றிய அறிவு நமக்குத் தெரியாத மொழியில் நம்மைக் கேட்காமலே எழுதப்படும். ஆங்கிலம் போதும் என்பவர்களுக்கு இந்த 34 ஆண்டுகள்தான் என் பதில்.

நாகமலைக்கு இந்தப் பக்கம்

சமயநல்லூருக்கும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் நாகமலைதான் இருக்கிறது. 1966இல் தொடங்கிய பல்கலைக்கழகம். சமயநல்லூர் தொகுதி மறுசீரமைப்பு வரைக்கும் தனித் தொகுதியாக இருந்தது. நம் பெயரில் எம்.எல்.ஏ.க்கள் வந்தார்கள், போனார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் படிப்பு இந்தப் பக்கத்துச் சேரிக்கு எவ்வளவு வந்தது என்று யாரும் கணக்குக் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் பட்டப் படிப்பின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். பகுதி ஒன்று மொழி, பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடம். நகரத்தின் பழைய தனியார் கல்லூரிகளில் பகுதி ஒன்றில் தமிழ், இந்தி, பிரெஞ்சு என்று தேர்வு உண்டு. அரசுக் கலைக் கல்லூரிகளில் பெரும்பாலும் தமிழ் மட்டும். நம் பிள்ளைகள் சேருவது பெரும்பாலும் எங்கே என்று சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்தால் மதிப்பெண் கொட்டும் என்பது நகரத்துத் தனியார் பள்ளிகளுக்கு நன்றாகத் தெரியும். அதற்காகவே அதை எடுத்து, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துபோன பிள்ளைகள் எத்தனையோ பேர். அயல்மொழி வசதியாக இருப்பவர்களுக்கு மதிப்பெண் எந்திரம். அதை உண்மையாகவே வாசிக்க விரும்பும் நம் பிள்ளைக்கு அது "பெரிய இடத்துப் படிப்பு".

தமிழை எடுத்துவிட்டு ஸ்பானிஷ் வை என்று நான் கேட்கவில்லை. தமிழ் நம் மொழி. நம் பாட்டும் ஒப்பாரியும் கோபமும் அதில்தான் இருக்கின்றன. தமிழோடும் ஆங்கிலத்தோடும் கூடுதலாக, விரும்புகிறவருக்கு, இலவசமாக இன்னொரு மொழி வேண்டும் என்று கேட்கிறேன். இதை இந்தித் திணிப்போடு முடிச்சுப் போட வேண்டாம். திணிப்பது வேறு, கேட்பவருக்குக் கிடைப்பது வேறு.

பிரெஞ்சு, ஜெர்மன் இருக்க ஏன் ஸ்பானிஷ்?

"காஸ்ட்" என்ற ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்தது? ஸ்பானிய, போர்த்துக்கீசிய மொழிகளின் "காஸ்தா" என்ற சொல்லிலிருந்து. குலம், இனவழி என்று பொருள். 1449இல் ஸ்பெயினின் தொலேதோ நகரம் ஒரு விதி போட்டது. யூத மதத்திலிருந்து கிறித்துவத்துக்கு மாறியவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் நகரப் பதவிகளுக்கு வரக் கூடாது. காரணம், இரத்தத் தூய்மை. மதம் மாறினாலும் பிறப்பு விடாது என்ற அந்தக் கணக்கு நமக்குப் புதிதா? கிறித்துவரான தலித்துகளைக் கேட்டுப் பாருங்கள். அதே எண்ணத்தைக் கப்பலில் ஏற்றி அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுபோனார்கள். 18ஆம் நூற்றாண்டு மெக்சிகோவில், யாருக்கும் யாருக்கும் பிறந்த பிள்ளை எந்தக் "காஸ்தா" என்று படம் வரைந்து பெயரெழுதி வைத்தார்கள். கலப்பு பற்றிய மனுவின் பட்டியலைப் படித்தவர்களுக்கு அந்தப் படங்களைப் பார்த்தால் உடல் கூசும்.

சொல்லோடு இது நிற்கவில்லை. நிலத்தை எடுத்துக்கொள்வோம்.

செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892 முதல் பஞ்சமர்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருந்தும் பஞ்சமி நிலம் கைமாறிப் போனது. மெக்சிகோவில் 1917 அரசியல் சட்டத்தின் 27ஆவது பிரிவின் வழியாகக் கிராம மக்களுக்குக் கூட்டாக நிலம் கொடுத்தார்கள். "எஹீதோ" என்று அதற்குப் பெயர். அதையும் விற்கக் கூடாது, அடகு வைக்கக் கூடாது. 1992இல் அந்தப் பிரிவைத் திருத்தி, விற்பதற்கு வழி திறந்துவிட்டார்கள். 1994 சனவரி 1 அன்று சியாபாஸ் மாநிலத்தின் பூர்வகுடி விவசாயிகள் ஆயுதம் ஏந்தி எழுந்ததற்கு அந்தத் திருத்தம் ஒரு முக்கியமான காரணம். அதே 1994இல், அக்டோபர் 10 அன்று, காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள்.

ஒரே ஆண்டு, ஒரே கேள்வி. ஏழைக்குக் கொடுத்த நிலத்தை விற்க முடியாது என்று சட்டம் வைத்தால் அது பாதுகாப்பா, தடையா? சந்தைப் பொருளாதாரம் படித்த பேராசிரியர் "தடை" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவார். அந்தத் தடையை எடுத்த பிறகு என்ன ஆனது என்று 30 ஆண்டுக் கால ஆய்வு மெக்சிகோவில் இருக்கிறது. பெரும்பகுதி ஸ்பானிஷில். பஞ்சமி நிலம் பேசும் நம்மில் அதை மூலத்தில் வாசிப்பவர் எத்தனை பேர்?

அடிமை உழைப்புக்கும் இதே கதைதான். பொலிவியாவில் "போங்கெயாஹே" என்றொரு முறை இருந்தது. பூர்வகுடிக் குடியானவர் பண்ணை நிலத்தில் கூலியில்லாமல் உழைத்துவிட்டு, முறை வைத்து நகரத்திலுள்ள பண்ணையார் வீட்டு வேலைக்கும் போக வேண்டும். 1945இலேயே அதை ஒழித்து ஆணை வந்தது, ஆனால் ஒழியவில்லை. 1952 புரட்சிக்குப் பிறகு, குடியானவர்கள் சங்கமாகி நிலத்தில் இறங்கியபோதுதான் ஒழிந்தது. 1953இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அதே 1952இல்தான் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டமும் வந்தது. 16 ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். அங்கே சட்டமும் சங்கமும் என்ன சாதித்தன, எங்கே சறுக்கின? இங்கே என்ன நடந்தது? இப்படி ஓர் ஒப்பாய்வை நம் வீட்டுப் பிள்ளை எழுத வேண்டாமா?

பாடப்புத்தகப் பொருளாதாரத்திலும் ஸ்பானிஷ் இருக்கிறது. மூலப்பொருள் விற்கும் நாடு, எந்திரப் பொருள் விற்கும் நாட்டிடம் நீண்ட காலத்தில் தோற்றுக்கொண்டே இருக்கும் என்ற வாதத்தை "பிரெபிஷ்–சிங்கர் கருதுகோள்" என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறீர்கள். அர்ஜென்டினாக்காரரான பிரெபிஷ் 1949இல் அதை எழுதியது ஸ்பானிஷில். லத்தீன் அமெரிக்காவின் பிரச்சினையை லத்தீன் அமெரிக்காவில் உட்கார்ந்து அந்த மக்களின் மொழியில் எழுதினார். பொருளாதாரக் கோட்பாடு என்றால் லண்டனிலிருந்தும் சிகாகோவிலிருந்தும்தான் வரும் என்ற எண்ணம் அங்கேயே உடைகிறது. உசிலம்பட்டிப் பூ விவசாயிக்கும் வேடசந்தூர் மில் தொழிலாளிக்கும் அந்த வாதம் எப்படிப் பொருந்தும் என்று எழுத வேண்டியது நாம்தான்.

மில் வாசலில்

சமயநல்லூரிலிருந்து திண்டுக்கல் சாலையைப் பிடித்துப் போனால் நூற்பாலைகளும் ஆயத்த ஆடை ஆலைகளும் வரும். அவற்றில் வேலை பார்ப்பவர்களில் நம் பெண்கள் ஏராளம். 2021 சனவரியில் திண்டுக்கல் மாவட்ட ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் டி.டி.சி.யு. தொழிற்சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆலை நிர்வாகத்தோடு சேர்த்து எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பன்னாட்டு நிறுவனங்களையும் அது சட்டப்படி கட்டுப்படுத்தியது. பாலியல் வன்முறைக்கும் சாதிப் பாகுபாட்டுக்கும் எதிரான ஒப்பந்தம்.

நம் சங்கம் உலகச் சந்தையோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேச முடியும் என்பதை அந்தப் பெண்கள் காட்டிவிட்டார்கள். இனி அடுத்த படி. தமிழ்நாட்டில் தைத்த துணி போகும் இடங்களில் ஸ்பெயினும் ஒன்று. "சாரா" கடைகளை நடத்தும் இன்டிடெக்ஸ் நிறுவனத்தின் தலைமையகம் ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. அந்த நிறுவனம் 2007இல் பன்னாட்டுத் தொழிற்சங்கக் கூட்டமைப்போடு ஒரு கட்டமைப்பு ஒப்பந்தம் போட்டது. துணி தைத்துக் கொடுக்கும் ஆலைகளின் தொழிலாளர் உரிமையும் அதில் அடக்கம். ஸ்பெயினின் தொழிற்சங்கங்கள் அதில் முக்கியப் பங்கெடுத்தவை. அந்தச் சங்கத் தோழர்களுக்கு நேரடியாக ஒரு கடிதம் எழுத, அவர்களுடைய அறிக்கையை வாசிக்க, நிறுவனத்தின் கணக்கைப் பிரித்துப் பார்த்து "இந்தச் சட்டையின் விலையில் எங்கள் கூலி எவ்வளவு" என்று கேட்க, பொருளாதாரமும் ஸ்பானிஷும் சேர்ந்து தெரிந்த ஒருவர் நம் பக்கத்தில் வேண்டும். நிர்வாகத்தின் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

கஷ்டமா?

இங்கிலீஷே தகராறு, இதில் ஸ்பானிஷா என்ற பயம் நியாயமானது. ஆனால் ஆங்கிலம் நம்மை மிரட்டியது போல ஸ்பானிஷ் மிரட்டாது. எழுதியிருப்பது போலவே வாசிக்கலாம். அ, எ, இ, ஒ, உ போல ஐந்தே உயிரொலிகள். நம் ஞ அங்கே தனி எழுத்தாகவே இருக்கிறது. "பெரோ" என்றால் ஆனால், ரகரத்தை அழுத்திப் "பெர்ரோ" என்றால் நாய். வினைச்சொல் நம் இலக்கணம் போலவே நடக்கும். "பேசுகிறேன்" என்றால் நான் என்று தனியாகச் சொல்ல வேண்டாம், விகுதியே சொல்லிவிடும். "ஆப்லோ" என்ற ஸ்பானிஷ் சொல்லும் அப்படித்தான்.

நீ, நீங்கள் என்ற வேறுபாடும் அங்கே உண்டு. "தூ", "உஸ்தேத்" என்று இரண்டு சொற்கள். யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பதில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதை, பெரியவரான நம் தாத்தாவைச் சின்னப் பையன் "டேய்" என்று கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்த நமக்கு எந்த ஆசிரியரும் விளக்க வேண்டியதில்லை.

அதற்காக மூன்று மாதத்தில் பேசலாம் என்று விளம்பரம் போடுபவர்களிடம் காசைக் கட்டாதீர்கள். அன்றாடம் ஒரு மணி நேரம் வைத்தால், பட்டப் படிப்பு முடிவதற்குள் செய்தித்தாளும் எளிய ஆய்வறிக்கையும் அகராதி துணையோடு வாசிக்கலாம். அது போதும், அங்கிருந்து தொடங்கலாம். வேலைக்கு உதவுமா என்றால், உதவும். சென்னையிலும் பெங்களூரிலும் அயல்மொழி தெரிந்தவர்களை நிறுவனங்கள் தேடுகின்றன. வயிற்றுப்பாட்டைப் பார்ப்பது கேவலம் இல்லை. அதோடு நின்றுவிட வேண்டாம் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

வழியும் கோரிக்கையும்

மொழியையே முதன்மைப் பாடமாக எடுக்க விரும்பினால் டெல்லி ஜே.என்.யு.விலும் ஐதராபாத் இஃப்லுவிலும் ஸ்பானிஷ் பி.ஏ. இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்களில் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காடு இடம் உண்டு. நுழைவுத் தேர்வான கியூட்டைத் தமிழிலும் எழுதலாம். பொருளாதாரமே முதன்மை என்றால் இங்கேயே படியுங்கள், மொழியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பானிய அரசின் செர்வாந்தெஸ் நிறுவனம் வழங்கும் "தெலே" சான்றிதழ் எங்கும் செல்லும்.

ஆனால் இது தனியாள் சாமர்த்தியத்தில் முடிகிற காரியமாக இருக்கக் கூடாது. மாணவர் அமைப்புகள் கையில் எடுக்க வேண்டிய கோரிக்கைகள் இவை:

1. அரசுக் கலைக் கல்லூரிகளில், தமிழைத் தொடாமல், விருப்பப் பாடமாக ஓர் அயல்மொழி வேண்டும். ஆசிரியர் நிரந்தரப் பணியிடமாக, இடஒதுக்கீட்டோடு நியமிக்கப்பட வேண்டும்.

2. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் மாலை நேர மொழி வகுப்பும், அதற்கு இணைய வசதியும் வேண்டும். உடைந்த கழிப்பறைக் கதவைச் சரிசெய்யக் கேட்கும் மனுவிலேயே இதையும் எழுதுங்கள். இரண்டும் உரிமைதான்.

3. அயல்மொழிச் சான்றிதழ்த் தேர்வுக் கட்டணத்தைத் தாட்கோ ஏற்க வேண்டும்.

4. பட்டியல் சாதி மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் வெளிநாட்டு உதவித்தொகையில், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றுக்கு இடமில்லை என்று 2022இல் சேர்த்த விதியை நீக்க வேண்டும். கொலம்பியாவில் அம்பேத்கரின் எம்.ஏ. ஆய்வு பண்டைய இந்தியாவின் வணிகம் பற்றியது. இன்றைய விதிப்படி அவருக்கே உதவித்தொகை கிடைக்காது.

டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிப்பவர்கள் படியுங்கள். நமக்கு வி.ஏ.ஓ.வும் வேண்டும், துணை ஆட்சியரும் வேண்டும். பஞ்சமி நிலப் பதிவேட்டைத் திறந்து பார்க்க அங்கே நம் ஆள் வேண்டும். அந்தப் பதிவேட்டையும் மெக்சிகோவின் எஹீதோ பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும். இதுவரை அப்படி ஒருவர் நம்மிடம் இல்லை என்றால், இந்த ஆண்டு கல்லூரிக்குள் நுழைகிறவர்களில் ஒருவர் அந்த இடத்துக்கு வரட்டும்.

ஜெய்பீம்.